உப்புக் கேட்டு வந்தவள்

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு கைக்குழந்தை. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் நான் ஆயாவாக இருக்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்ளும் வேலை. மடியில் கிடந்த பெண் குழந்தையொன்று தினமும் என் கழுத்தில் ஒரே இடத்தையே விரலால் அழுத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் நானும் அங்கே தொட்டுப் பார்த்தேன். தோலுக்கடியில் கோலிக்குண்டு போல ஏதோ உருண்டது.

தைரொய்டில் புற்றுநோய் என்றார்கள். சத்திரசிகிச்சையில் சுரப்பி முழுவதையும் எடுத்தார்கள். அதன் வேலையைச் செய்ய இனி ஆயுள் முழுக்கக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு குளிசை விழுங்கவேண்டும். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மிச்சமிருக்கும் புற்றுநோய்க் கலங்களை அழிக்கக் கதிர்வீச்சுள்ள அயடின் மருந்து தரவேண்டும் என்றார் கிளினிக் டொக்டர்.

"அதுக்கு முன்னாடி கொஞ்ச வாரத்துக்குக் குளிசையை நிப்பாட்டணும். சாப்பாட்டுலயும் அயடின் கூடாது. உங்க உடம்பு அயடினுக்குப் பசிச்சுக் கிடக்கணும் அம்மா. அப்பதான் அந்தக் கலங்கள் மருந்தை விழுங்கும்."

எனக்குள் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது, அதைப் பட்டினி போட்டுப் பிறகு விஷம் வைக்கப் போகிறோம் என்றுதான் எனக்கு அது விளங்கியது. பஸ்ஸில் வீடு திரும்பும்வரை கையைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.

கடையில் விற்கிற உப்பெல்லாம் அயடின் சேர்த்தது. கருவாடு, மாசி, மீன், முட்டை, பால்மா, பேக்கரிப் பாண் எதுவும் ஆகாது. எங்கள் அடுப்படியில் இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது சோறும் உருளைக்கிழங்கும் போஞ்சியும் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியும்தான். எனக்கென்று தனிச்சட்டியில் உப்பில்லாமல் ஆக்கினேன். அடுத்த வீட்டுக்காரி ஒருநாள் அதை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். அவள் என்னைவிட இளையவள், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"உப்பில்லாத சோத்த செத்தவங்களுக்குத்தான்க்கா படைப்பாங்க. இத எப்புடி நீங்க திங்கிறீங்க?"

சிரித்துவிட்டுச் சட்டியை வாங்கி வைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கவளத்தின்போதும் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது.

குளிசை நின்ற சில வாரங்களில் உடம்பு மெல்லமெல்ல அணைந்தது. வேலைக்கு லீவு போட்டு வீட்டோடு இருந்தேன். லயத்து வீடுகளில் மற்றவர்கள் ஒரு ஸ்வெட்டரோடு நடமாட, நான் இரண்டைப் போட்டு மேலே கம்பளியும் சுற்றிக்கொண்டு நடுங்கினேன். அரைவயிறு சாப்பிட்டும் முகம் ஊதியது, மோதிரம் விரலில் இறுகியது. அடுப்பு முன்னால் இப்போதுதான் உட்கார்ந்தேன் என்று நினைப்பேன். பார்த்தால் நெருப்பு சாம்பலாகிக் கிடக்கும். நடுவில் போன பொழுது எங்கே போனதென்று தெரியாது.

குரலும் மாறியது. கொழும்பில் வேலை செய்யும் மகள் வழக்கம்போல போன் எடுத்தாள். "சாப்பிட்டியா?" என்றேன்.

"யாரு பேசுறது? அம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

"அம்மாதான்டி பேசுறேன்."

"வெளையாடாதீங்க. அம்மாகிட்ட போனக் குடுங்க!"

அவள் அழத் தொடங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் போனை வாங்கி, "அம்மாதாம்மா, மருந்து நிப்பாட்டுனதால தொண்ட அப்புடி இருக்கு" என்று சொன்ன பிறகும் அவள் என்னோடு பேசச் சம்மதிக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. பக்டரியில் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"நேத்து பொழுதுசாய அடுத்த வீட்டுக்குப் போனியா?"

"இல்லையே. அடுப்படியிலதானே இருந்தேன்."

"அந்தப் புள்ள பயந்துபோயி இருக்கு. பனிமூட்டமா மிஸ்ட்டு எறங்குற நேரத்துல நீ வந்து கதவுகிட்ட அசையாம நின்னியாம். கொஞ்சம் உப்பு குடுன்னு கேட்டியாம். வெளக்கு வச்ச நேரத்துல உப்பு குடுக்கக் கூடாதுன்னு அது சொன்னுச்சாம். நீ ஒண்ணும் பேசாம அது மூஞ்சியவே பாத்துட்டுத் திரும்பிப் போனியாம்."

எனக்கு எதுவும் நினைவில் இல்லை. அவள் வேறு யாரையோ பார்த்திருப்பாள் என்றேன். அவர் குனிந்து என் செருப்பைத் திருப்பிக் காட்டினார். அதில் ஈரமண் அப்பியிருந்தது. முதல்நாள் முழுக்க நான் வாசற்படி தாண்டவில்லை என்று கோயிலில்கூட சத்தியம் செய்திருப்பேன்.

அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போகும்போது தன் தங்கையை என்னோடு உட்கார வைத்துவிட்டுப் போனார். கிளினிக்கில் கேட்டதற்கு, குளிசை இல்லாமல் மூளையும் மந்தமாகும், மறதி வரும் என்றார்கள். நம்பினேன். ஆனாலும் கண்ணாடியில் ஊதிப்போன அந்த முகத்தைப் பார்க்கும்போது, உப்புக்கு ஏங்கி என் காலில் நடந்து போனவள் இவள்தான், நானில்லை என்று தோன்றும்.

ஆஸ்பத்திரியில் மருந்தைக் கொடுத்து ஒரு தனியறையில் விட்டார்கள். சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு உடனே விலகினார்கள். எச்சில் ஊற, புளிப்பு மிட்டாயொன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு நர்ஸ் மிஸ்ஸி தூரத்தில் நின்று சிறிய கருவியொன்றை என் பக்கம் நீட்டினாள். அது கடகடவென்று அடித்துக்கொண்டது. நான் பின்னால் நகர்ந்தேன், சத்தம் குறைந்தது. முன்னால் வந்தேன், கூடியது. எந்த வலியும் இல்லை, எந்த வெளிச்சமும் இல்லை; ஆனால் என்னிலிருந்து ஏதோ கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

"பய வெண்ட எபா அம்மே" என்றாள் மிஸ்ஸி. சிங்களத்தில் பயப்படாதே என்கிறாள். அவள் குரலும் கொஞ்சம் நடுங்கியதாகத்தான் எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் தனி அறை, தனித் தட்டு. குழந்தைகள் கிட்டே வரக்கூடாது. குளிசையைத் திரும்பத் தொடங்கியதும் குளிர் மெல்ல விட்டது, பிறகு பேச்சு தெளிந்தது. மகள் லீவில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு எடுத்த ஸ்கேனில் மிச்சம் எதுவும் தெரியவில்லை.

ஏறிய எடை மட்டும் இறங்கவில்லை. கொலஸ்ட்ரோலும் கூடியிருந்தது. சோற்றைக் குறை, சீனியை விடு, நட என்று டொக்டர் சொன்னார். காலையில் கண் விழித்ததும் குடிக்கும் தேத்தண்ணியைக் குளிசைக்காகத் தள்ளிப் போடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். சோற்றுக்குப் பதில் குரக்கன் ரொட்டிக்குப் பழகிவிட்டேன். மீன் திரும்பி வந்துவிட்டது, உப்பும்தான், அளவாக.

வேலை முடிந்ததும் தோட்டத்தின் மேற்பகுதியான மேல்கணக்குக்குப் போகும் ரோட்டில் தனியாக நடக்கிறேன். நான் உப்புக் கேட்டுப் போன கதை இப்போது தோட்டம் முழுக்கத் தெரியும். மிஸ்ட்டு இறங்கினால் எதிரே வருகிறவர்கள் என்னைக் கண்டதும் நடையைக் குறைத்து ஓரமாக ஒதுங்குவார்கள். யாரும் முதலில் பேசமாட்டார்கள். "என்ன, வேல முடிஞ்சிருச்சா?" என்று நான்தான் கேட்பேன். குரலைக் கேட்டதும் சிரித்துக்கொண்டு கடந்து போவார்கள்.