கசத்து மீனும் ஒற்றை முள்ளும்

கல்யாணமாகி நான் போடியிலிருந்து குரங்கணிக்குப் போன வருஷம், என் வீட்டுக்காரர் ஒரு ஏலத்தோட்டத்தில் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்கார துரை, தன் தூண்டில் சாமான்களை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு கழி, உருளையில் சுற்றிய நரம்பு, தகரப் பெட்டி நிறையப் பித்தளைத் தகடுகள். தகட்டை வீசி இழுத்தால் தண்ணீருக்குள் குஞ்சு மீன் போல மின்னும். பெரிய மீன் பாய்ந்து கவ்வும். ஒவ்வொரு தகட்டின் வாலிலும் மூன்று முனையாக விரிந்த முள் தொங்கியது. முனைக்கு முனை, குத்தினால் திரும்ப வராதபடி எதிர்ப்பக்கமாகச் சீவிய சின்னப் பல்.

ஊருக்கு மேலே ஆற்றில் ஒரு கசம் இருந்தது. வெயில் நேரத்திலும் கறுத்தே கிடக்கும் ஆழமான தண்ணீர். கரையில் கன்னிமார் கல். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் அங்கே ஒரு கை பொரி போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். கெண்டைகள் மேலே வந்து வாய் பிளந்து வாங்கும். கன்னிமாருடையது என்று அந்த மீனை யாரும் கொல்வதில்லை.

“கொல்லக் கூடாதுன்னுதான சொல்லிருக்காக? பிடிச்சிட்டுத் திரும்ப விட்டுட்டா என்ன குத்தம்? தொரையும் அப்பிடித்தான் விடுவாரு” என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். முழங்கை நீள மீன் ஒன்று மாட்டியது. ஒரு முனை உதட்டில். துள்ளிய துள்ளலில் இன்னொரு முனை கண்ணுக்குக் கீழே. மூன்றாவது அவர் சட்டையில் கொக்கி போட்டது. மீன் பாறையில் கிடந்து வாயை வாயைத் திறந்தது. பிடுங்கி எடுத்தபோது உதட்டின் ஓரம் கிழிந்து கூடவே வந்தது. தண்ணீரில் விட்டார். அது நீந்திப் போனதைப் பார்த்து, “பாத்தியா, உசுரோடதான போகுது” என்றார். இருட்டுமுன் இன்னும் நாலைந்தை அப்படியே பிடித்து விட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீருக்குப் போன பெண்கள் குடத்தை நிரப்பாமல் திரும்பினார்கள். கசத்துக்குக் கீழே மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. யாரும் எங்களைத் திட்டவில்லை. நான் போனால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவர் தூண்டில் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூன்று முனை முள்ளை ஒரு சாக்கில் குத்தி இழுத்தேன். சணல் பிய்ந்து வந்தது. பெட்டியின் அடியில் ஒற்றை முட்கள் கொஞ்சம் இருந்தன. அதில் ஒன்றைக் குத்தினேன். அதுவும் பல்லால் பிடித்துக்கொண்டது. அவர் குறடை எடுத்து அந்தப் பல்லை நசுக்கி, அரத்தால் ராவினார். இப்போது சாக்கில் குத்திய முள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சின்னதாக இருந்தால் மீன் தொண்டைவரை விழுங்கிவிடும், பெரிதாக இருந்தால் கண்ணைத் துளைக்கும் என்று நடுத்தரத்தில், குறடால் பிடிக்கத் தோதாகக் காம்பு நீண்டவற்றைப் பொறுக்கினார். எல்லாத் தகட்டிலும் மூன்று முனையைக் கழற்றி ஒற்றை முள்ளைக் கோத்தார்.

“முள்ளுக்குப் பல்லில்லாட்டி மீனு தப்பிச்சிராதா?” என்றேன்.

“நரம்பு தொய்யாம இழுத்தாப் போதும். தப்பிச்சாத்தான் என்ன, விடத்தான போறோம்.”

அதற்குப் பிறகு மீன் மிதக்கவில்லை. தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றிவிடுவார்.

ஆனால் முள்ளை மாற்றுவதற்கு முன்பே ஒரு தடவை நரம்பு அறுந்திருக்கிறது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. காய் எடுக்கும் பெண் ஒருத்தி, என்னிடம் முகம் கொடுத்துப் பேசும் ஒரே ஆள், வாசலில் நின்று சொன்னாள்: “மதினி, கசத்துல கன்னி மூக்குத்தி போட்டுக்கிட்டு அலையுறா. அடியில மின்னுது. எங்காளுக யாரும் இனிமே அந்தப் பாதையில வரமாட்டாகளாம்.” என் வயிற்றைப் பார்த்தாள். நான் மாசமாக இருந்தேன். “நீயும் போகாத” என்றாள்.

போனேன். பொரியைப் போட்டேன். மற்ற மீன்கள் வந்தன. அவற்றுக்குக் கீழே, கிழட்டுக் கெண்டை ஒன்று மெதுவாகச் சுற்றியது. அதன் மூஞ்சியில் பித்தளை மின்னியது. மூன்று முனையும் மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் சேர்த்துத் தைத்திருந்தன. பொரி மூக்கில் இடித்தது. வாயைத் திறக்க முடியவில்லை. உடம்பு வற்றித் தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“அதை எடுத்து விடுங்க. எடுக்காம எனக்குத் தூக்கம் வராது” என்றேன்.

ஐப்பசி பிறந்திருந்தது. மலை உச்சி முழுக்க மேகம். எங்கள் தலைக்கு மேல் மழை இல்லை. ஒற்றை முள் தகட்டைத் திரும்பத் திரும்ப வீசி, அந்த மீன் இழுத்துக்கொண்டு திரிந்த அறுந்த நரம்பில் மாட்டி இழுத்தார். அது எதிர்க்கக்கூட இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று ஈரச்சாக்கில் நான் அதைத் தாங்கிக்கொண்டேன். அவர் குறடால் முள்ளை முனை முனையாகக் கழற்ற ஆரம்பித்தார்.

தண்ணீர் நிறம் மாறியதை நான்தான் முதலில் பார்த்தேன். செம்மண் கலங்கல். அப்புறம் நுரை, சருகு. குரங்குகள் கத்திக்கொண்டே கரை மரங்களை விட்டு மேலேறின.

“வெள்ளம் வருது. வெரசா வாங்க!”

“ஒண்ணுதான் மிச்சம்” என்றார். அந்த நேரம் பார்த்து மீன் துள்ளியது. வெளியே வந்திருந்த ஒரு முனை அவர் பெருவிரலில் பல்லோடு இறங்கியது. கடைசி முனை இன்னும் உதட்டில். மீனும் அவரும் ஒரே முள்ளில். அது துள்ளத் துள்ள அவர் அலறினார். குறடு கைநழுவிச் சாக்கில் விழுந்தது. மேலே பாறைகள் உருளும் சத்தம் கேட்டது. நான் குறடைத் துழாவி எடுத்து, இரண்டு கையாலும் அழுத்தி, முள்ளை நடுவில் நறுக்கினேன். மீன் நழுவிப் போனது. உதட்டில் ஒரு துண்டு இருந்ததா என்று பார்க்க நேரமில்லை. அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் மேட்டில் ஏறித் திரும்பியபோது, நின்ற இடத்தில் ஒரு முழு மரம் புரண்டு போய்க்கொண்டிருந்தது.

போடி ஆஸ்பத்திரியில் விரலைக் கிழித்துத்தான் முள்ளை எடுத்தார்கள். சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலில், “வாயைத் திற, வாயைத் திற” என்று பிதற்றினார். பிழைத்தார். விரல் பிறகு மடங்கவே இல்லை. தையில் எனக்கு மகள் பிறந்தாள். முதலில் அவள் வாயைத்தான் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

குரங்கணிக்குத் திரும்பியபோது கசம் இல்லை. வெள்ளம் மணலைக் கொட்டி மூடியிருந்தது. ஆறு வேறு பக்கமாக ஓடியது. காய் எடுக்கும் பெண்கள் அவர் ஜீப்பில் ஏறவில்லை. வெயிலில் காய்ந்துகொண்டே ஓரமாக நடந்தார்கள். முன்பு என்னோடு பேசியவளிடம், “நாங்க மீனைக் காப்பாத்தத்தான போனோம்?” என்று கேட்டேன்.

“இருக்கலாம் மதினி” என்றாள். “ஆனா கன்னி போயிட்டாளே.”

சித்திரை பிறக்குமுன் போடிக்கே குடிவந்துவிட்டோம்.