வெள்ளம் வடிந்ததாக அச்சில் வந்த செய்தி

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடங்களில் செட்டிபாளையத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். என் அண்ணன் புளியந்தீவுப் பட்டணத்தில் இருந்துகொண்டு கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்புவார். அவர் எழுதியது வந்தால் அந்தத் தாளை ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவேன். வாசிப்புப் பழக்கம் என்பது சாட்டு. அண்ணனின் எழுத்து என்று எனக்குள்ளே ஒரு பெருமை. அவர் என் அண்ணன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஒரு மாரியில் மழை விடாமல் பெய்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் மூடிக் கிடக்கும் ஆற்றுவாயை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் வடியும். வெட்டுவிக்கும் பொறுப்பை ஏற்றிருந்தவர் பெரிய நிலக்காரரான ஒரு போடியார். அந்த முறை வெட்டுப் பிந்திவிட்டது. அக்கரையில் வட்டை என்று சொல்லும் வயல்வெளியில் கதிர் வரவிருந்த நெல் தண்ணீருக்குள் அழுகியது. பிள்ளைகள் பலருக்கு அந்த வயல்தான் சோறு.

அடுத்து வந்த தாளில் அண்ணனின் செய்தியைக் கண்டதும் வகுப்பில் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். போடியாரின் முயற்சியால் ஆற்றுவாய் உரிய நேரத்தில் வெட்டப்பட்டதாம். பயிர் தப்பியதாம். மக்களுக்கு மகிழ்ச்சியாம்.

முன்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழும்பினாள்.

“ரீச்சர், இது எங்கட ஊரப் பத்தியா?”

“ஓம்.”

“எங்கட வயல் அழுகிப் போச்சே. இத எழுதினவர் எங்க நிண்டு பார்த்தவர்?”

அவள் கேட்டதையே பலகையில் எழுதினேன். யார் சொல்லி எழுதினார், யாரைக் கேட்காமல் விட்டார் என்று அதன் கீழே சேர்த்தேன். பிள்ளைகள் வீடுகளில் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து, சேர்ந்து ஒரு பக்கம் எழுதினார்கள். எல்லா வயலும் அழிந்தது என்று ஒருவன் எழுத, மேட்டுக்காணிக்காரரின் மகன் விடவில்லை. “எங்கட தப்பிச்சு” என்று சொல்லித் திருத்தவைத்தான்.

அந்தப் பக்கத்தை அண்ணனிடம் கொண்டுபோனேன்.

“நீங்க வட்டைக்கு வந்து பார்த்தீங்களா, அண்ணன்?”

“அந்த மழைக்குள்ள எப்படி வாற? போடியார் சொன்னத எழுதினன்.” பிள்ளைகள் எழுதியதை வாசித்துவிட்டுச் சிரித்தார். “நல்லா எழுதியிருக்குதுகள். தா, அனுப்பிவிடுறன்.”

“அப்படியே அனுப்புவீங்களா?”

“என்ன புள்ள, என்னை நம்பமாட்டியா?”

நம்பினேன். தாங்கள் எழுதியது பத்திரிகையில் வரப்போகிறது என்று பிள்ளைகளிடமும் சொன்னேன்.

வந்தது. ஆற்றுவாயை வெட்டுவித்த போடியாருக்கு எங்கள் பள்ளி மாணவர்கள் எழுத்தில் நன்றி தெரிவித்தார்கள் என்று இரண்டே வரி.

அதையும் வகுப்பில் வாசித்தேன். முன்வாங்குப் பிள்ளை எழும்பினாள்.

“ரீச்சர், நீங்களா மாத்தின?”

அண்ணன் செய்ததைவிட அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. “நான் மாத்தல்ல. என்ட அண்ணனிட்டக் குடுத்தன். அவர்தான் செய்தி எழுதுறவர்” என்றேன்.

“அப்ப எழுதினவர் யாருட ஆள் எண்டும் பலகையில எழுதணும், ரீச்சர்.”

எழுதினேன்.

பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தார். “ரெண்டு வரிக்கு இவ்வளவு கோபமா? போடியார் நமக்கு வேண்டியவர்” என்றார். அம்மாவும் அவர் பக்கம்தான் பேசினார். நான் பாதிச் சாப்பாட்டில் எழும்பிவிட்டேன். பிறகு நல்லது கெட்டதுக்குப் போய் வந்தோம், கதைத்தோம். ஆனால் அவர் சொன்ன எதையும் அதற்குப் பின் நான் முழுசாக நம்பியதில்லை. கூடப் பிறந்தவரை அப்படிப் பார்ப்பது சுகமான காரியம் இல்லை.

பலகையில் எழுதிய கேள்விகளை ஒவ்வொரு வருடமும் புதிய வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். யுத்தச் செய்திகள் நாளுக்கு ஒன்றாக வரத் தொடங்கியபோது அவை இன்னும் தேவைப்பட்டன. அந்தப் பிள்ளையோ எங்கள் பள்ளியை விட்டுப் போகும்வரை தான் எழுதியதை என் கையில் தரவேயில்லை. கொப்பியைத் தானே பிடித்துக்கொண்டு, நின்று வாசித்துவிட்டு இருந்துவிடுவாள். நானும் கேட்டு வாங்கவில்லை.