அக்பர் பாஷா எப்போது மயங்கினார்?

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில் குடியிருந்த அக்பர் பாஷாவுக்கு, நாகராஜ முதலியார் அரிசி மண்டியில் படி பிடித்து அளக்கிற வேலை. அவர் அத்தாவுக்கும் அதே வேலை, அத்தாவின் தாய்மாமனுக்கும் அதே வேலை. அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்று சொல்லித்தான் கொட்டுவார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. இருபத்திரண்டு வருஷம் அப்படியே எண்ணியதில் பாஷாவுக்கு வீட்டிலும் அதுதான் வாயில் வரும். தட்டில் விழுகிற ரொட்டியைக்கூட லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணிச் சாப்பிடுவார்.

1941ஆம் வருஷம் ஐப்பசியில், மூட்டையைப் புரட்டும்போது அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. குனிந்தால் உயிர் போகிற வலி. முதலியார் வந்து பார்த்தார்.

“பாய், தை பொறந்தா கால்வாய்ல நெல்லூர்ப் படகு வந்துடும். அதுக்குள்ள எழுந்து வந்தா படி உன் கையில. இல்லாங்காட்டி என் மச்சினன் சும்மாதான் குந்திக்கினு கீறான்.”

அந்த மச்சினனுக்கு ஒரு கொட்டாவிக்கும் அடுத்த கொட்டாவிக்கும் நடுவில்தான் கண் திறந்திருக்கும். அவன் கைக்குப் படி போவதா என்று பாஷாவுக்கு வலியைவிட அதுதான் பெரிய வலியாக இருந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே இருந்தவர் டாக்டர் ரகுபதி. ரங்கூனில் பிறந்து சீமையில் படித்தவர். அரிசிக்கடை வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே பைத்தியம்: மயக்க மருந்தில் வருவது தூக்கமா, தூக்கம் மாதிரி வேறொன்றா? தூங்குகிறவனைக் கூப்பிட்டால் எழுந்துவிடுகிறான். மயங்கியவனைக் கிள்ளினாலும் எழுவதில்லை. அப்படியானால் நாடி, மூச்சு, உடம்புச் சூடு, கண்மணி எல்லாம் இரண்டிலும் எப்படி மாறுகின்றன?

“ஆபரேஷன் செய்துவிடலாம். அதற்கு முன்னால் சில நாள் என் அறையில் தூங்க வேண்டும். சம்மதமா?” என்றார்.

“தூங்கறதுக்குப் போயி சம்மதம் கேக்கறீங்களே சார்!” என்றார் பாஷா.

மூன்று நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் படுத்தார். மார்பில் ரப்பர் பட்டை கட்டினார்கள். மூச்சு ஏறி இறங்க, புகைக்கரி பூசிய காகித உருளையில் ஒரு முள் கோடு கிழித்தது. பாஷாவின் குறட்டைக்கு அந்த முள் காகிதத்தைவிட்டு வெளியே போய்வந்தது. நடுநடுவே அவர் தூக்கத்தில் முணுமுணுத்தார்: “லாபம்... ரெண்டு... மூணு...” டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். நர்ஸ் ஆரோக்கியமேரி வாயைத் திறக்கப் போனாள். பரிசோதனை நடக்கும்போது தன்னைத் தவிர யாரும் பேசக் கூடாது என்பது டாக்டரின் சட்டம். விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்; அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நாலாம் நாள் ஈதர் என்கிற மயக்க மருந்து. முகத்தில் துணி மூடியை வைத்து, “ஒன்றிலிருந்து எண்ணுங்கள். எண்ணிக்கை எங்கே தவறுகிறதோ அங்கே நினைவு போயிற்று என்று பொருள்” என்றார் டாக்டர்.

பாஷா மூச்சை இழுத்தார். “லாபம்.”

டாக்டர் துள்ளிக் குதித்து மூடியை எடுத்துவிட்டார். மத்தியானத் தூக்கத்தில் வருகிற அதே பேச்சு! முதல் மூச்சிலேயே ஆள் போய்விட்டான்!

“இன்னா சார், எடுத்துட்டீங்க?” என்றார் பாஷா.

“அதற்குள் திரும்பியும் வந்துவிட்டீர்களா!” டாக்டர் அவசரமாக நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

“நான் தூங்கவே இல்லியே சார்.”

“தூங்கினவன் எவன் ஒப்புக்கொள்வான்?”

மறுபடி மூடி, மறுபடி லாபம், மறுபடி துள்ளல். சாயங்காலம் டாக்டர் சொல்லிவிட்டார்: “இந்த உடம்புக்கு ஈதர் ஆகாது. ஆபரேஷன் அளவுக்குக் கொடுத்தால் திரும்பி வரமாட்டீர்கள். வீட்டுக்குப் போங்கள்.”

பாஷா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். படித்தவர் சொல்கிறார், மயங்கித்தான் இருப்போமோ என்று அவருக்கே சந்தேகம். கண்ணை மூடினால் முதலியார் மச்சினன் படியும் கையுமாகக் கொட்டாவி விட்டான்.

அவர் வீட்டுக்காரி அமீனா பீ, அடையாற்றில் ஏலம் கூவுகிற கரீமுல்லாவின் மூன்றாவது தங்கை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. மறுநாள் காலையில் புருஷனையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள்.

“டாக்டர் சாப்! இவரு மயங்கினாருன்னு எப்படிக் கண்டீங்கோ?”

டாக்டர் காகிதத்தை விரித்துப் பொறுமையாக விளக்கினார். “ஒன்று என்று சொல்லச் சொன்னேன் அம்மா. லாபம், லாபம் என்று பிதற்றினார். தூக்கத்திலும் அதே பிதற்றல்தான்.”

அமீனா பீ அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். புர்காவின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அஜீ, நம்ம புள்ளைங்கோ எத்தினி? எண்ணு” என்றாள்.

“லாபம் ஷரஃபுதீன், ரெண்டு சகினா, மூணு ஜஹனாரா” என்றார் பாஷா, கண்ணை அகல விழித்துக்கொண்டு.

“பாத்துக்கோங்கோ! இவரு வாயில ஒண்ணுன்னு வந்து நான் கேட்டதே இல்ல. பெரியவன் பொறந்தப்போ மருத்துவச்சி கிட்டயே லாபம்னு சொன்ன மனுசன்!”

டாக்டர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“எங்க மீன் மார்க்கெட்லயும் அப்படித்தான் சார் எண்ணுவாங்க. நீங்கதான் பேசக் கூடாதுன்னு சொன்னீங்க.”

டாக்டர் ஏழு பக்கம் எழுதியிருந்தார். ஏழையும் கிழித்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பாஷா லாபத்தில் ஆரம்பித்துப் பதினாலு வரை ஒழுங்காக எண்ணி, பதினைந்தை முழுங்கிவிட்டு அசந்துபோனார். கிள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. குறட்டைகூட இல்லை. இது வேறு சங்கதி என்று டாக்டர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். குடல் போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று.

மூன்று மணிக்குப் பாஷா முனகினார். நினைவு வந்துவிட்டதா என்று பார்க்க, “எண்ணுங்கள்” என்றார் டாக்டர்.

“ஒண்ணு... ரெண்டு...”

“பிரமாதம்! தெளிந்துவிட்டது!”

“யா அல்லா!” என்று அலறினாள் அமீனா பீ. “ஒண்ணுன்றாரே! இவருக்கு எங்கே தெளிஞ்சுது? நல்லாப் பாருங்கோ டாக்டர் சாப்!”

டாக்டர் கண்ணிமையை விரித்து விளக்கைப் பிடித்தார். கண்மணி இன்னும் மந்தம்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றே முக்காலுக்கு, “அமீனா, தண்ணி” என்று குரல் வந்தது.

“மொதல்ல எண்ணு.”

“லாபம், ரெண்டு, மூணு. தண்ணி குடு!”

டாக்டர் மூன்று மணி என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மூன்றே முக்கால் என்று திருத்தினார்.

தை பிறந்தது, படகும் வந்தது. பாஷா இளைத்திருந்தார், மூட்டை புரட்ட வேறு ஆள் வைத்தார்கள். படி மட்டும் அவர் கையில். முதலியார் மச்சினன் ஓரமாகக் கோணிமேல் படுத்துக்கொண்டான். மண்டி வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. மண்டி எண்ணிக்கையைத் தன் காதாலேயே கேட்டுவிட டாக்டர் ரகுபதி இறங்கினார். முதல் படி விழுந்தது.

“லாபம்!”

டாக்டர் பழக்கத்தில் கடிகாரத்தை வெளியே எடுத்து, முதலியாரைப் பார்த்துத் தலையசைத்தார்.

“ஆள் முழித்துத்தான் இருக்கிறார். தைரியமாக அளக்கச் சொல்லுங்கள்.”