கட்டிய அன்றே வெட்டிய வேலி

எங்கள் வளவுக்குப் புது வேலி கட்டினோம். முள்ளுக்கம்பி வேலி, ஐந்து வரி. கடைசி ஆணி அடித்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது... என் மனைவி குறடோடு ஓடிவந்து அந்தக் கம்பியை வெட்டிப்போட்டாள்!

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்களா, பிள்ளைகளே? பொறுங்கள். முதலில் இருந்து சொல்கிறேன்.

போன கிழமை பத்திரிகையில் இந்த இடத்தில் நான் எழுதவில்லை. “மாமாவுக்குச் சுகமில்லையா?” என்று சில பிள்ளைகள் கேட்டிருந்தீர்கள். சுகத்துக்குக் குறைவில்லை. வலது உள்ளங்கையில்தான் ஒரு கிழிசல். அதுவும் இந்த வேலிக் கதைக்குள் வரும்.

எங்கள் வளவு கிரான் பக்கம். பின்பக்கத்தில் வாவி. நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். மண் முழுக்க மணல். நெல்லுக்கு ஆகாது, கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) நல்ல மண். யோகம் (அதுதான் என் மனைவி) ஒவ்வொரு வருசமும் அதில் கச்சான் போடுவாள். கொத்துவது, விதைப்பது, புல் பிடுங்குவது எல்லாம் அவள். நான் லொறியில் உதவியாளாகப் போகிறவன். வீட்டில் நிற்கிற நாட்கள் குறைவு.

போன வருசம் கச்சான் பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம். ஒருநாள் விடிந்து பார்த்தால் கச்சானைக் காணவில்லை. சாணிதான் கிடந்தது.

யாருடைய மாடுகள்? அடுத்த வளவு தவராசா அண்ணனுடைய மாடுகள். அவர் பால் கறந்து, தயிர் போட்டு விற்கிறவர். நல்ல மனிதர். ஆனால் மனிதர் நல்லவர் என்பது மாட்டுக்குத் தெரியுமா என்ன?

எங்களுக்கு அப்போது இருந்தது தென்னோலை வேலி. மாட்டுக்கு அது வேலியே இல்லை. முதுகு சொறிகிற இடம்!

இந்த வருசம் விதைக்கிறபோதே யோகம் சொல்லிவிட்டாள்.

“இந்த முறையும் மாடு திண்டுத்தெண்டா நான் குவைத்துக்குப் போறன். பாஸ்போட் இரிக்கு. ஏஜென்சிக்காரத் தம்பியும் கேட்டுக்கொண்டுதான் இரிக்கார்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். தேங்காய் துருவிக்கொண்டே, யோசித்து முடித்த குரலில் சொன்னாள். ஆறாம் வகுப்பு படிக்கிற எங்கள் மகள் சங்கவி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் சிலருடைய அம்மாமார் இப்போதும் வெளிநாட்டில் இருக்கலாம். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் அம்மாவின் குரல் போனில் மட்டும் கேட்பது என்றால் என்ன என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆகவே வேலி கட்டியே ஆகவேண்டும். அதுவும் கெதியாக. வட்டையில் (வயல்வெளியில்) நெல் நிற்கும்வரைக்கும் மாடுகளைத் தூரத்து மேய்ச்சல் தரையில் விட்டிருப்பார்கள். பால் மாடு, சினை மாடு என்று ஒன்றிரண்டுதான் ஊரில் நிற்கும். அறுவடை முடிந்தால் பட்டி பட்டியாகத் திரும்பி வரும். அதற்குள் முடிக்கவேண்டும்.

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கினோம். முதல் ஆளாகக் குழி தோண்டுகிற அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தது யார் தெரியுமா? தவராசா அண்ணன்!

“என்ன அண்ணன், ஒங்கட மாட்டுக்குத்தான் வேலி கட்டுறம். நீங்களே வந்து நிக்கிறீங்க?” என்றேன்.

“மாடு என்டதுதான் தம்பி. அதுட வாய் என்ட சொல்லுக் கேக்குதா? வாயக் கட்ட ஏலாது, வேலியக் கட்டுவம்” என்றார்.

எப்படிப்பட்ட மனம் பாருங்கள்! தன் மாட்டை மறிக்கிற வேலிக்குத் தானே குழி தோண்டுகிறார். அவருக்கு முதல் நன்றி.

யோகத்தின் தம்பி குகனும் வந்து சேர்ந்தான். கட்டைகளை நட்டோம். கம்பிச் சுருளின் நடுவே ஒரு தடியைக் கோத்து, குகன் ஒரு பக்கம், சங்கவி மறுபக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சுருள் உருண்டு உருண்டு கம்பி நீண்டது. சங்கவிக்கு அது தேர் இழுப்பது மாதிரி. “அரோகரா” என்றுகூடச் சொன்னாள்!

இங்கே ஒரு பிழை விட்டோம். மூலைக்கட்டையில் கம்பியைச் சுற்றி, அலவாங்கால் நெம்பி நெம்பி இழுத்தோம். கம்பி வீணைத் தந்தி மாதிரி இறுகியது. எங்களுக்கோ பெரிய சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் மூலைக்கட்டை உள்பக்கமாகச் சரிந்து நிற்கிறது... வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து தூங்கி விழுகிற பிள்ளை மாதிரி.

“அத்தான், ஒங்கட கட்டைக்கு நித்திரை வருது” என்றான் குகன்.

“முட்டுக் குடுக்காம இழுத்தா வராம என்ன செய்யும்?” என்றார் தவராசா அண்ணன்.

“அத இழுக்கிறத்துக்கு முதல்ல சொல்லியிரிக்கலாமே!”

“நீங்க இழுத்த இழுவையில நான் வாய் தொறக்க இடமிரிந்துதா?”

பிறகு கழற்றி, கட்டையை நிமிர்த்தி, சாய்வாக இன்னொரு கட்டையை முட்டுக் கொடுத்து, மறுகா இழுத்தோம். மத்தியானம் யோகம் இறாலும் முருங்கைக்காயும் போட்ட கறி கொண்டுவந்தாள். அந்தக் கறிக்காகவே இன்னொரு வேலி கட்டலாம் போல இருந்தது.

பின்னேரம் வேலை முடிந்தது. றோட்டுப் பக்கம் உள்ளே வருகிற கடப்பு. அதற்கும் தகரப் படலை போட்டாயிற்று. நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் ஆற்றங்கரைப் பக்கமாக நின்று, எங்கள் கைவேலையைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் வெள்ளச்சி வந்தாள்.

வெள்ளச்சி, ஊரில் நிறுத்தியிருந்த தவராசா அண்ணனின் சினைப் பசு. கரையோரமாக வேகமாக வந்து, கம்பிக்கு முன்னால் நின்று, “ம்மா” என்று ஒரு கத்து.

“பாத்தீங்களா, வந்த உடனயே கச்சான் கேக்குது!” என்று குகன் சிரித்தான்.

நாங்களும் சிரித்தோம். வேலி வேலை செய்கிறது என்ற பெருமை எங்களுக்கு! தவராசா அண்ணன் தடியால் தட்டி விரட்டினார். அவள் போகவில்லை. சுற்றி வந்தாள். மறுபடி கத்தினாள். பிறகு திடீரென்று தலையை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நுழைத்துவிட்டாள்.

முள் கழுத்தில் ஏறியது. முன்னுக்குத் தள்ளினாலும் கிழிக்கும், பின்னுக்கு இழுத்தாலும் கிழிக்கும். வெள்ளைக் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

“கட்டையில இரிந்து ஆணியக் கழட்டுவம்” என்றான் குகன்.

“ஏலாது, அதுக்குள்ள துள்ளிரும். கொம்பப் பிடிச்சிப் பின்னுக்குத் தள்ளுவம்” என்றார் தவராசா அண்ணன்.

நான் சாக்கு ஒன்று கொண்டுவந்து முள்ளின் மேல் போடலாம் என்றேன்.

எங்கள் மூன்று பேரிடமும் ஆளுக்கொரு யோசனை இருந்தது. யோகத்திடம் குறடு இருந்தது.

குசினியில் இருந்து ஓடிவந்தவள் எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பசுவின் மடியைத்தான் பார்த்தாள்.

“கண் தெரியல்லயா ஒங்களுக்கு? மடியில பால் வடியுது! இது கண்டு போட்டுத்து. கண்டுக்குட்டி உள்ளுக்க கிடக்கு!”

தவராசா அண்ணன் வாயில் கை வைத்தார். “அய்யோ... நாளைக்கு நாளண்டைக்கு எண்டுதானே இரிந்தன்!”

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. புதிதாகக் கன்று போட்ட பசு, கன்றை ஒரு பற்றைக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். கன்றும் சத்தம் போடாமல் கிடக்கும். எங்கள் வளவு மூலையில் ஈச்சம்பற்றை. அதற்குள் கன்று படுத்துக் கிடக்க, அதைச் சுற்றி நாங்கள் காலையில் இருந்து பாட்டுப் பாடி வேலி கட்டியிருக்கிறோம்!

“அக்கா, வெட்டாதீங்க! வெட்டினா நேர கச்சானுக்குள்ளதான் போகும்” என்றான் குகன்.

“போகட்டும். பிடிங்க கொம்ப!”

பிள்ளைகளே, இறுகி நிற்கிற கம்பியை வெட்டினால் அது பாம்பு மாதிரித் திரும்பி அடிக்கும். விளையாட்டுக்கும் தொடாதீர்கள். நான் கம்பியைச் சாக்கால் அமத்திப் பிடித்தேன். தவராசா அண்ணன் கொம்பைப் பிடித்தார். யோகம் ஒரு வரியை வெட்டினாள். விர்ர் என்று சாக்கையும் கிழித்து, என் உள்ளங்கையையும் கிழித்துக்கொண்டு போனது. அடுத்த வரியையும் வெட்டினாள்.

வெள்ளச்சி உள்ளே பாய்ந்தாள்.

கச்சானை மிதித்துக்கொண்டு நேராக ஈச்சம்பற்றைக்கு. அங்கே ஒரு மண்ணிறக் குட்டி, நடுங்கி நடுங்கி எழும்பி நின்றது. அவள் அதை நக்கின நக்கு இருக்கிறதே! குட்டி இரண்டு தரம் விழுந்து எழும்பி, ஒருவழியாக மடியைக் கண்டுபிடித்துவிட்டது.

நான் கிழிந்த கையில் சாக்குத் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டேன்.

குட்டி குடிக்க, வெள்ளச்சி மெல்லக் குனிந்து ஒரு பிடி கச்சான் செடியை இழுத்தாள். தவராசா அண்ணன் பதறிப்போய்த் தடியைத் தூக்கினார்.

“விடுங்க அண்ணன்” என்றாள் யோகம். “புள்ளப் பெத்தவள். ஒரு வாய் திண்ணட்டும்.”

“அம்மா, ரெண்டு வாய் திண்டுத்து!” என்றாள் சங்கவி.

“நீ பிறந்த அண்டைக்கு நான் திண்டதப் பாத்திரிந்தா நீ இப்படிக் கதைக்க மாட்டாய்.”

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? காலையில் இருந்து நாங்கள் எல்லோரும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். மாடு எந்தப் பக்கத்தால் வரும், எந்த இடத்தால் நுழையும், எங்கே இன்னும் இறுக்கவேண்டும்... உள்ளே என்ன கிடக்கிறது என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலி கட்டுகிறவர்களுக்கு வருகிற வியாதி இது. வீட்டைச் சுற்றிக் கட்டினாலும் சரி, வேறு எதைச் சுற்றிக் கட்டினாலும் சரி.

அடுத்தநாள் தவராசா அண்ணன் வந்து, வெட்டிய கம்பிகளை முடிந்து இறுக்கித் தந்தார். கையோடு ஒரு பாத்திரத்தில் கடும்பும் கொண்டுவந்தார். கன்று போட்ட பசுவின் முதல் பாலைச் சீனி போட்டு அவித்தால் கட்டியாகி வரும், அதுதான் கடும்பு. எங்கள் பக்கத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுப்பார்கள். இந்த முறை முதல் பங்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

“யோகம், இது அவள் குடுத்து விட்டது” என்றார்.

இப்போது வட்டையில் அறுவடை முடிந்துவிட்டது. மாடுகள் பட்டியாக வருகின்றன. ஆற்றங்கரையோடு வந்து, கம்பிக்கு அங்கால் நின்று, கச்சானை ஆசையோடு பார்த்துவிட்டுப் போகின்றன. வெள்ளச்சி மிதித்த இடத்தில் மட்டும் ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு வெறுமை. மற்றதெல்லாம் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. தவராசா அண்ணனுக்கு, குகனுக்கு, மழைக்கு, மண்ணுக்கு... யாருக்கு என்று நன்றி சொல்வேன்?

முந்தாநாள் ஏஜென்சிக்காரத் தம்பி போன் எடுத்தார். யோகம் ஸ்பீக்கரில் போட்டாள். நானும் சங்கவியும் பக்கத்தில் வந்து நின்றோம்.

“அக்கா, வாற கிழமை மெடிக்கல் போடட்டா? என்ன முடிவு?”

“இல்ல தம்பி, நான் வரல்ல. வேலி கட்டியாச்சு. ஆனா உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பாக்கிறத்துக்கு ஒரு ஆள் வேணும். இந்த மனுசனால ஏலாது.”

பிள்ளைகளே, என்னால் ஏலாது என்று ஒருவர் சொல்ல, அதைக் கேட்டு நான் துள்ளிக் குதித்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்!