நாற்பது நாள் வாழைத்தண்டுச் சாறு

வருகிற திங்கட்கிழமை வேலூரில் என் மனைவிக்குப் பித்தப்பை ஆபரேஷன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இன்று வியாழன். காலையில் தேரடி வீதியில் வழக்கம்போல வாழைத்தண்டு வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மருந்துக்கடை பாய்.

"தெனம் வாங்கறீங்களே, யாருக்கு சார்?"

"சம்சாரத்துக்கு, பாய். பித்தப்பையில கல்லு. சாறு குடிச்சா கரையும்னாங்க."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது கிட்னி கல்லுக்குக் குடுக்கறது சார். இதுக்கு ஒண்ணும் ஆவாது."

நாற்பது நாள்! விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, நறுக்கி, நார் எடுத்து, இடித்து, வடிகட்டி, டம்ளர் காலியாகும்வரை அவள் எதிரிலேயே நின்றிருக்கிறேன். வலியில் சுருண்டு கிடந்த நாளில்கூட அவளை விடவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அவள் பதறவே இல்லை.

"தெரியுங்க. டாக்டரம்மா மொதல்லயே சொன்னாங்க."

"அப்புறம் ஏன்டி குடிச்சே?"

"அதை இடிக்கற நேரத்துலதான் நீங்க அழாம இருந்தீங்க."

இன்று வாங்கிய தண்டு அடுக்களையில் அப்படியே கிடக்கிறது. ஆபரேஷனுக்கு இன்னும் நான்கு விடியற்காலைகள் இருக்கின்றன. ஐந்து மணிக்கு எழுந்து நான் எதை இடிப்பது? தெரிந்தவர்கள் உடனே ஒரு கார்டு போடுங்கள்.