ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் பூண்டு

"முதுகைக் காட்டுடி" என்று கத்தரி இலையைத் திருப்புகிறார் வைதேஹி டீச்சர். ஸ்ரீரங்கத்து மொட்டை மாடியில் காலை ஆறு மணி. ஒரு கையில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர், மறு கையில் தேய்ந்த டூத் பிரஷ். இலைக்கு அடியில் பஞ்சுத் துணுக்காய் ஒட்டியிருக்கிறது மாவுப்பூச்சி. முப்பத்திரண்டு வருஷம் திருவானைக்காவலில் கணக்குப் பாடம் எடுத்தவர். கடைசி பெஞ்சில் ஒளிந்தவர்களைப் பிடித்த அதே கண்.

வெள்ளை ஈக்கு, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை. பூ உதிர்க்கும் மிளகாய்க்கு, புளித்த மோரில் பெருங்காயம். நடுப்பகலில் செடி தலை சாய்த்தால் மட்டும் மனம் இளக மாட்டார். "நடிக்கறா. சாயங்காலம் தானே எழுந்துப்பா" என்பார். உச்சி வெயிலில் வேப்பெண்ணெய் தெளித்து ஒரு ரோஜாவைக் கருக்கிய கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இந்தச் சித்திரையில் பிரஷ் தோற்றது. தேய்க்கத் தேய்க்க மறுநாள் இரண்டு மடங்கு பூச்சி. பாலக்கரையில் இருக்கும் கமருன்னிசா, கூட வேலை பார்த்த சயின்ஸ் டீச்சர், போனில் வைத்தியம் சொன்னார்: "இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைச்சு வடிகட்டித் தெளிங்க டீச்சர். பூண்டு இல்லாம அது போகாதுங்க."

 டீச்சர் வீட்டில் பூண்டு நுழைந்ததே இல்லை. தினமும் பெருமாளுக்குத் திருவாராதனம் செய்யும் கணவர் சக்ரபாணி, தோட்டம் போட்ட அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்: பூண்டு மாடிப்படி ஏறினால், தொட்டிகள் எல்லாம் கீழே இறங்கும். பன்னிரண்டு வருஷத்து நாற்பது தொட்டிகள். ஒரு பக்கம் தாலி கட்டியவர், மறு பக்கம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. அழுதுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குக் கிளம்பினார்.

கமருன்னிசா வீட்டில் அரைத்து வடிகட்டிய கரைசல், பாட்டிலில் சீட்டுக்கடியில் ஒளிந்து வந்தது. கணவர் கோயிலுக்குப் போயிருந்த மாலையில் கத்தரிக்குத் தெளித்தார். திடீரென்று காவிரிக் காற்று வீசியது. பூண்டுத் தூறல் பக்கத்துத் துளசியில் போய் விழுந்தது. எத்தனை தண்ணீர் விட்டு அலம்பியும் வாசனை போகவில்லை.

விடிந்ததும் வெள்ளித் தட்டோடு துளசி பறிக்க வந்தார் சக்ரபாணி. டீச்சர் குறுக்கே நின்றார்.

"இன்னிக்கு த்வாதசியோன்னோ. துளசி பறிக்கப்படாது."

"அப்போ நேத்தி ஏகாதசி, உபவாசம்" என்றார் அவர் நிதானமாக. "அடை பண்ணிப் போட்டியே. நாலு சாப்பிட்டேனே?"

கணக்கு டீச்சரைத் திதிக் கணக்கு காலை வாரிவிட்டது.  பாலக்கரை, பாட்டில், காற்று என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

சக்ரபாணி குனிந்து துளசியை முகர்ந்தார், முகம் சுளித்தார். கத்தரி இலையைத் திருப்பினார். பஞ்சுப் பூச்சிகள் சுருண்டு கிடந்தன. நாற்பது தொட்டிகளையும் ஒருமுறை பார்த்தார்.

"இந்தக் கத்தரிக்காய் பெருமாள் தளிகைக்கு ஆகுமோ?"

"பத்து நாள் போகட்டும். நன்னா அலம்பிட்டு..."

"பாட்டில் ஆத்துக்குள்ள வரப்படாது. ஸ்கூட்டர்லயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கடைத் துளசி வாங்கக் காலித் தட்டோடு இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் மறுபடியும் மருந்து தெளிக்கும் நாள். டீச்சர் விரலை எச்சிலில் நனைத்து உயர்த்தி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். பிறகு முந்தானையை முழுக்க விரித்துத் துளசிக்குப் போர்த்தி, ஒரு கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கத்தரியைக் குறிபார்த்தார்.