தர்பூசணிக்காரம்மாவின் தாகம்

கிளினிக் வாசலில் தள்ளுவண்டி போட்டிருந்த அந்த அம்மாவைத் தெருவே தர்பூசணிக்காரம்மா என்றுதான் கூப்பிடும். தர்பூசணி, வெள்ளரி, முலாம்பழம் என்று வெட்டிக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவிட்டால் அவள் வாய் ஓயாது. "வாங்க, வாங்க! தண்ணி குடிக்க மறந்தவங்க ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டுப் போங்க. உள்ள இருக்கிறது முக்கால்வாசி தண்ணிதான்!" டாக்டரும் நோயாளிகளிடம் இதையேதான் சொல்லி அனுப்புவார். வியாபாரத்துக்குக் குறைவில்லை.

ஆனால் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், வீடு திரும்பும்வரை அவள் வாயில் ஒரு துண்டு போனதில்லை. தண்ணீர்கூடக் கொப்பளித்துத் துப்பத்தான். மகா கஞ்சம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி பேசினார்கள். அவர்களுக்கென்ன, ஆண்களுக்குத் தெரு நெடுகச் சுவர் இருந்தது. அவள் எங்கே போவாள்?

வண்டி போட்ட புதிதில் ஒருநாள் அடக்க முடியாமல் கிளினிக்குக்குள் ஓடினாள். டோக்கன் கொடுக்கும் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாத்ரூம் பேஷண்டுக்கு மட்டும்தான்" என்றாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உடம்பு கூசிப்போனது. நாக்கு வறண்டு செத்தாலும் இனி இவர்களிடம் கெஞ்சுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு வெள்ளரிப் பிஞ்சாவது கடிச்சுக்கக் கூடாதாம்மா?" என்று மகள் சண்டை பிடிப்பாள்.

"தின்னா சும்மா இருக்குமாடி? உடனே வேலையைக் காட்டிடும்" என்பாள் இவள்.

வீம்பெல்லாம் உடம்புக்குப் புரியுமா? இந்தக் கோடையில் விலாவில் கிளம்பிய வலி ஆளைச் சுருட்டிப் போட்டது. மகள் அவளுக்கு நல்ல துணியாக உடுத்திவிட்டு அதே கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டோக்கன் பெண் ஒரு சின்ன டப்பாவை நீட்டி, "யூரின் எடுத்துட்டு வாங்க. நேரா போனா பாத்ரூம்" என்றாள்.

வெள்ளை ஓடு. உறுதியான தாழ்ப்பாள். வாளி நிறையத் தண்ணீர். இத்தனை வருடமும் இது கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சில சொட்டுகள்தான் வந்தன, அதுவும் சிவப்பாக.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "கல் அடைச்சு ஒரு கிட்னி போயிடுச்சும்மா. இன்னொண்ணையாவது காப்பாத்திக்குங்க. தண்ணி நிறைய குடிக்கணும். தர்பூசணி, வெள்ளரின்னு சாப்பிடுங்க. நம்ம வாசல்லயே ஒரு அம்மா விக்கிறாங்க, நல்லா இருக்கும்."

மகள் வாயைத் திறந்தாள். இவள் அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

கொஞ்சம் தேறியதும் மறுபடி வண்டிதான். வேறு பிழைப்பு ஏது? முதல் நாளே டாக்டர் சொன்னபடி தர்பூசணி தின்றாள், தண்ணீரும் குடித்தாள். உச்சிவெயிலில் வீம்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"நானும் இப்ப இங்க பேஷண்ட்தானேம்மா?"

"இன்னிக்கு டோக்கன் போட்டிருக்கீங்களா?"

வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பாதி வழியிலேயே துணி நனைந்துவிட்டது.

மறுநாள் ஒரு துண்டை எடுத்து உதடுவரை கொண்டுபோனாள். கிளினிக் கதவைப் பார்த்தாள். துண்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள்.

கையில் மருந்துச் சீட்டோடு வந்த ஒருத்தி பெட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நினைச்சப்பல்லாம் எடுத்துச் சாப்பிடலாம். குடுத்து வச்சவங்க நீங்க!"

"ஆமா கண்ணு" என்றாள் தர்பூசணிக்காரம்மா. "உப்பு தூவட்டுமா?"